மேடை கேட்ட செவி மேழி கேட்குமா?



தை பிறந்திருந்தது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையை விட்டிறங்கி உள்ளே நடந்தால், கண்ணெட்டும் தூரமெல்லாம் கரிசல்! மழை கண்டால் களியாகிக் காலைக் கவ்வும். வெயில் கண்டால் வெடித்து வாய் பிளக்கும். கொடுத்தால் உளுந்தாய், பாசியாய், கம்பாய், பருத்தியாய் அள்ளிக் கொடுக்கும். கெடுத்தால் ஒரே இரவில் அத்தனையும் கெடுக்கும். அந்த மண்ணின் நடுவே ஒரு சிற்றூர். அந்தச் சிற்றூரிலே ஒரு திண்ணை. திண்ணையிலே மூவர்.

ஒருவர் என் பெரியம்மா. எழுபதைக் கடந்தவர். புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கும் கணக்கன்றிப் பிற கணக்கு அறியாதவர். மற்றொருவன், தம்பி முறை கொண்ட இளைஞன். சென்னையில் மென்பொருள் எழுதும் வேலை பார்த்து, ஊருக்கு உருப்படியாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று திரும்பி வந்தவன். மூன்றாமவன் நான் - கல்லூரியைப் பாதியில் கைவிட்டு, மேடையை முழுமூச்சாய்ப் பற்றிக்கொண்டவன்.

இளைஞன் செய்ய எண்ணியது எளிய செயலி. வெள்ளாமை கெட்டுப்போனால், சம்சாரி கைப்பேசியை எடுத்துத் தன் வாயால் சொல்ல வேண்டியதுதான்; என்ன பயிர், எத்தனை ஏக்கர், எந்த ஊர், என்ன சேதம் என்பதை அந்தச் செயலி எழுத்தாக்கி, விண்ணப்பமாக்கி, கையில் கொடுத்துவிடும். எளியதுதான்; ஆனால் அற்பமானதன்று. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. வெள்ளம் வந்து நிலத்தில் தேங்கினாலும், அறுத்துப் போட்ட பயிர் அங்கேயே நனைந்தாலும், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும் என்பது அதன் விதி. எழுபத்திரண்டு மணி நேரம்! எழுதத் தெரிந்தவனுக்கு அது மூன்று பகல். தெரியாதவனுக்கு? முதல் பகல் காட்டைப் பார்த்துக் கண்ணீர் விடுவதிலே கழியும். இரண்டாம் பகல் யாரைப் பார்ப்பது என்று விசாரிப்பதிலே கழியும். மூன்றாம் பகல் எழுதித்தர ஆள் தேடுவதிலே கழியும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் வானம் கிழிந்து கொட்டியதே, நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தூத்துக்குடி மாவட்டமே நீரில் நின்ற அந்த நாட்களில், விண்ணப்பம் எழுத எத்தனை பேருக்குக் கை இருந்தது?

ஆகவே, அவன் எண்ணம் நல்லெண்ணம். தடுமாற்றம் எங்கே வந்தது என்றால், செவியைத் தேர்ந்தெடுப்பதிலே!

செவி என்று நான் சொல்வது பேச்சை எழுத்தாக்கும் சேவையை. செயலி எழுதுவோர் அந்தச் செவியைத் தாமே செய்வது அரிது, வாடகைக்கு எடுப்பார்கள். ஒலியை அனுப்பினால் எழுத்து திரும்பி வரும். நிமிடக் கணக்கில் கூலி. உள்நாட்டார், அயல்நாட்டார் எனப் பலர் கடை விரித்திருக்கிறார்கள். அத்தனை கடைகளையும் ஏறி இறங்கி, மூன்று சேவைகளைப் பொறுக்கி எடுத்திருந்தான் தம்பி. மூன்றில் எது? அதைத் தீர்மானிக்க என்னை அழைத்திருந்தான். "அண்ணே, நீங்க பேச்சாளர். நீங்க பேசுங்க, எது சரியா எழுதுதுன்னு பார்ப்போம்" என்றான்.

பேச அழைத்தால் மறுக்கும் பழக்கம் எனக்கு ஏது? எழுந்து நின்றே பேசினேன்! "உழுதவன் வயிறு ஒட்டிக்கிடக்க, உண்டவன் வயிறு உப்பிக்கிடக்கும் உலகை ஒரு நாள் உலுக்கிக் காட்டுவோம்" என்று தொடங்கி, மூன்று நிமிடம் முழங்கினேன். மூன்று சேவைகளும் எழுதின. என்ன எழுதின தெரியுமா? எழுத்துப் பிசகாமல், ஒற்றுப் பிசகாமல், நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதின! எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி முடியாது. 'தமிழின் தனிச்சிறப்பைக் கண்டாயா? இயந்திரமும் இசைந்து கேட்கிறது!' என்றேன். மூன்றும் சமம் என்றால் விலை மலிவானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தம்பியும் முடிவு கட்டிவிட்டான்.

அப்போதுதான், முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மா கேட்டார்: "நானும் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?"

பேசினார். முந்திய ஆண்டு தன் காட்டில் நடந்ததைத்தான் சொன்னார். "நேத்து ராத்திரி மளை பேஞ்சு உளுந்து பூராவும் அழுகிப் போச்சு."

எட்டே சொற்கள். தென்பாண்டிச் சீமையில் ழகரம் வாயில் ளகரமாய் ஒலிக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். எழுதும்போது நாம் 'மழை' என்றே எழுதுவோம். முதல் சேவை எழுதியதைக் கேளுங்கள்: "நேத்து ராத்திரி மலை பேசி விழுந்து பூராவும் அழகி போச்சு."

மலை பேசிற்றாம்! விழுந்ததாம்! அழகி போனாளாம்! தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏய்யா, அதுக்கு நம்ம ஊர்ப் பேச்சு தெரியாதா? அப்ப அது எந்த ஊர்ப் பிள்ளை?"

தோழரே, அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த வாரக் கட்டுரை முழுவதையும் செலவிடப் போகிறேன். அது எந்த ஊர்ப் பிள்ளை?

பேச்சை எழுத்தாக்கும் பொறிக்கு மொழி தெரியாது. தான் கேட்டது மட்டுமே தெரியும். பல்லாயிரம் மணி நேரப் பேச்சும், அப்பேச்சின் எழுத்து வடிவமும் அதற்கு ஊட்டப்படுகின்றன. எந்த ஒலியை அடுத்து எந்த எழுத்து வரும் என்பதை அதிலிருந்தே அது பழகிக்கொள்கிறது. ஆகவே, பிள்ளை யார் வீட்டில் வளர்ந்தது என்று கேட்டால் போதும், அதன் பேச்சு என்னவென்று தெரிந்துவிடும்.

ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் 'விஸ்பர்' என்னும் பொறியை வெளியிட்டது. அதன் முதல் வெளியீடு கேட்டு வளர்ந்த ஒலி 6,80,000 மணி நேரம். அதிலே ஆங்கிலப் பேச்சு ஏறத்தாழ 4,38,000 மணி நேரம். தமிழ்ப் பேச்சைத் தமிழிலேயே எழுதப் பழகுவதற்கு அது கேட்டது 136 மணி நேரம்! இரவு பகலாய்க் கேட்டால் ஆறு நாளுக்கும் குறைவு. (இந்திக்கு 12 மணி நேரந்தான் என்பதைக் கேட்டு ஆறுதல் அடைவோர் அடையலாம், நான் அடையவில்லை.) மெட்டா நிறுவனம் 2023 மே திங்களில் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் செவி கொடுத்தது, பெரும் பணிதான். அத்தனை மொழிகளுக்கும் ஒலி எங்கே கிடைத்தது? புதிய ஏற்பாட்டை வாசித்துப் பதிந்து வைத்த ஒலிகளிலே! வேதம் வாசிக்கும் குரல் வேறு. வெள்ளாமை போனதென்று விம்மும் குரல் வேறு.

நம் நாட்டிலே என்ன நடந்தது? சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் 'ஏஐ4பாரத்' ஆய்வகத்தார் 2022-இல் 'ஸ்ருதிலிபி' என்றொரு திரட்டை வெளியிட்டார்கள். பன்னிரண்டு இந்திய மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒலி. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளிலிருந்து அகழ்ந்தெடுத்தது அது. நல்ல முயற்சி, வாழ்த்துவோம். ஆனால் செய்தி வாசிப்பவர் எப்படி வாசிப்பார்? காற்றொதுங்கிய அறையில், கையில் எழுதிய தாளோடு, 'பெய்தது' என்பார். 'பேஞ்சுச்சு' என்று சொல்வாரா? 'சேதமடைந்தது' என்பார்; 'கெட்டுச் சீரழிஞ்சு போச்சு' என்பாரா?

இப்போது புரிகிறதா, என் பேச்சை ஏன் பிசகின்றி எழுதிற்று என்று? என் திறத்தால் அன்று! வானொலியும் மேடையும் ஏடும் பேசும் தமிழ் எதுவோ, அதைத்தான் நானும் பேசினேன். அது ஏற்கனவே மனப்பாடம் செய்து வைத்திருந்த பாடத்தை நான் ஒப்பித்தேன், அது தலையாட்டிற்று. இதற்குத்தான் அவ்வளவு பெருமிதம்!

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் நாடகம் எழுதுகிறவன். இத்தனை ஆண்டுகளாய் எழுதிய நாடகங்களைத் திருப்பிப் பார்த்தேன். நாயகன் பேசுவது செந்தமிழ். நாயகி பேசுவது செந்தமிழ். நீதிமன்றத்திலே வாதிடுபவன் பேசுவது அடுக்குத் தமிழ். கரிசல் பேச்சை யாருக்குக் கொடுத்தேன்? கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வேலைக்காரனுக்கு! அவன் 'மளை' என்பான், கொட்டகை சிரிக்கும். அழுகிறபோதும் அவன் அப்படித்தான் பேசுவான் என்பதை எழுத எனக்குத் தோன்றவில்லை. பொறியைப் பார்த்து, 'ஏன் நீ என் பெரியம்மாவைக் கேட்கவில்லை?' என்று வினவும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு? அதுவும் நாமும் ஒரே பள்ளியில் படித்திருக்கிறோம்.

இந்த மண்ணிலிருந்தே ஒருவர் அந்தப் பள்ளியை மறுத்துப் புறப்பட்டார். கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். வீட்டு மொழி தெலுங்கு. அவர், சம்சாரியின் பேச்சைச் சிரிப்புக்கு அல்ல, சிந்தனைக்கு எழுதினார். 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியே தொகுத்து வெளியிட்டார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. 2021 மே திங்களில் மறைந்தார். இது புதுமையுமன்று, புரட்சியுமன்று என்பேன். ஏனெனில் தொல்காப்பியர், இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் அவையிலே ஆசனம் போட்டார். ஆசனத்தை எடுத்தவர்கள் பின்னால் வந்த நாம்.

சரி, தம்பியின் திண்ணைக்குத் திரும்புவோம். மூன்று சேவைகள் என்றேன். ஒன்று எழுதியதைத்தான் சொன்னேன். இரண்டாவது எழுதியது இது: "நேத்து ராத்திரி மழை பேஞ்சு விழுந்து பூராவும் அழுகிப் போச்சு." மூன்றாவது எழுதியது இது: "நேற்று இரவு மழை பெய்து உளுந்து முழுவதும் அழுகிப் போய்விட்டது."

இந்தச் சேவைகளை அளப்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சொற்பிழை விகிதம் என்பார்கள். பேசியவர் சொன்ன சொற்களில் எத்தனை மாறின, எத்தனை விடுபட்டன, சொல்லாதவை எத்தனை நுழைந்தன என்று கூட்டி, மொத்தச் சொற்களால் வகுப்பார்கள். விளம்பரங்களில் வரும் விழுக்காடுகளெல்லாம் இந்தக் கணக்கே. நாமும் கணக்குப் போடுவோம். முதல் சேவையில் எட்டுக்கு நான்கு பிழை: 50 விழுக்காடு. இரண்டாம் சேவையில் எட்டுக்கு ஒன்றே ஒன்று: 12.5 விழுக்காடு. மூன்றாம் சேவை? 'நேத்து' என்பதை 'நேற்று' ஆக்கிற்று. 'ராத்திரி'யை 'இரவு' ஆக்கிற்று. 'பேஞ்சு', 'பூராவும்', 'போச்சு' மூன்றையும் மாற்றிற்று. எட்டுக்கு ஐந்து பிழை: 62.5 விழுக்காடு!

அளவுகோல் சொல்லும் தீர்ப்பு என்ன? இரண்டாவதை எடு, மூன்றாவதை எறி! ஆனால் தோழரே, விண்ணப்பத்தைப் பாருங்கள். இரண்டாவது எழுதிய தாளில் மழை இருக்கிறது, அழுகல் இருக்கிறது, பயிர் எங்கே? உளுந்து விழுந்துவிட்டது! ஒரு சொல் போயிற்று. அந்த ஒரு சொல்லோடு இழப்பீடும் போயிற்று. மூன்றாவதோ, பெரியம்மாவின் வாய்மொழியை மாற்றி எழுதியது உண்மை, பொருளை மாற்றவில்லை. ஐந்து பிழை செய்த பொறி பெரியம்மாவின் பக்கம் நிற்கிறது. ஒரு பிழை செய்த பொறி கைவிட்டுவிட்டது.

ஆகவே தம்பியிடம் சொன்னேன்: கடைக்காரன் காட்டும் விழுக்காட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காதே. உன் செயலிக்கு உயிர்ச்சொல் எது, உமிச்சொல் எது என்று முதலில் பிரி. 'ராத்திரி' உமி, 'உளுந்து' உயிர். பயிரின் பெயர் உயிர். ஊரின் பெயர் உயிர்: கயத்தாறு, கழுகுமலை, கடம்பூர், இளையரசனேந்தல், விளாத்திகுளம், நாலாட்டின்புத்தூர். எண் உயிர்: 'ஒண்ணரை' என்றதை 'ஒண்ணு' என்று எழுதினால் அரை ஏக்கர் காற்றில் கரையும். எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லை என்பது உயிர். எழுத்துத் தமிழில் 'முளைக்கவில்லை' என்று நீட்டி நிமிர்ந்து சொல்கிறோம். பேச்சிலே அது 'முளைக்கல' என்று சுருங்கி, ஒரு லகரத்தில் தொங்குகிறது. அந்த லகரத்தை விழுங்கிய பொறி, வறட்சியை விளைச்சலாக்கிவிடும்!

எழுத்து சரியாய் விழுந்த பின்னும் இடறுகிற இடம் உண்டு. கரிசல்காரர் 'மல்லி வெதச்சேன்' என்றால் கொத்தமல்லி. பட்டணத்தார் மல்லி என்றால் பூ. 'வத்தல்' என்றால் இங்கே காய்ந்த மிளகாய். அங்கே எண்ணெயில் பொரிப்பது. செவி சரியாய்க் கேட்டும், அதற்குப் பின்னே இருக்கிற மூளை பூக்கடைக்குப் போய் நின்றால் யாரைக் குற்றம் சொல்வது? இது செவியின் வேலையன்று. செயலி எழுதும் தம்பியின் வேலை.

இந்தக் குறை கரிசலுக்கு மட்டும் நேர்ந்ததென்று எண்ண வேண்டாம். 2020-இல் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து பெருநிறுவனங்களின் செவிகளைச் சோதித்தார்கள்: அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட். வெள்ளையர் பேசிய நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழை. கறுப்பின மக்கள் பேசிய நூறு சொல்லுக்கு 35 பிழை! பேசியது இரு சாராரும் ஆங்கிலமே. ஆங்கிலத்துக்குள்ளேயே அக்கிரகாரமும் சேரியும் இருக்கிறதென்றால், தமிழுக்குள் இராது என்று எப்படிச் சொல்வது? கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழுக்குச் செவி கொடுத்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாட்டுக்கொரு தமிழ் எனப் பட்டியலும் வைத்தது. மகிழத்தக்கதே. ஆனால் நாட்டெல்லை தாண்டியதும் மாறுகிற தமிழ், நான்குநேரி தாண்டினாலும் மாறும், நாமக்கல் தாண்டினாலும் மாறும் என்பதற்குப் பட்டியலில் இடமில்லை.

வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டான் தம்பி. சிலவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். பழைய பொத்தான் கைப்பேசியில் அழைத்துப் பேசுகிறவரின் குரல், வழக்கமான தொலைபேசி வழியில் 300 முதல் 3,400 ஹெர்ட்சு வரைதான் கடந்து வரும். நுண்ணிய ஒலிகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். திண்ணையில் விலை உயர்ந்த கைப்பேசியில் நன்றாகக் கேட்ட பொறி, காட்டிலிருந்து வரும் அழைப்பில் செவிடாகலாம். ஆகவே அழைப்பிலேயே சோதிக்க வேண்டும். சில சேவைகள், எதிர்பார்க்கும் சொற்களை முன்கூட்டியே பட்டியலாய்க் கொடுத்தால் அவற்றுக்குக் காதைக் கூர்மையாக்கிக்கொள்கின்றன. அந்த வசதி உள்ளதா என்று கேள். ஊர்ப்பெயரும் பயிர்ப்பெயரும் அப்பட்டியலில் ஏறட்டும்; இருங்குச்சோளமும் குதிரைவாலியும் ஏறட்டும். விலையைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. 2023 மார்ச்சில் ஓபன்ஏஐ தன் சேவைக்கு நிமிடத்துக்கு 0.006 டாலர் என்று விலை வைத்தது; அன்றைய கணக்கில் அரை ரூபாய். உளுந்து விழுந்துபோவதற்கு முன் அரை ரூபாய் எம்மாத்திரம்?

குரல் போய்ச் சேரும் இடத்தைக் கேட்க மறவாதே. குரல் ஒருவரின் உடைமை. அதைச் சேர்த்து வைப்பார்களா, அதைக் கொண்டு தங்கள் பொறியைப் பயிற்றுவார்களா, இசைவு கேட்டார்களா? இதற்கெனவே 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. யாரிடமும் அனுப்ப வேண்டாமென்றால், விஸ்பரும் ஏஐ4பாரத் உருவாக்கிய பொறிகளும் இலவசமாய் இறக்கித் தன் கணினியிலேயே ஓட்டத்தக்கவை. கணினிக்கும் மின்சாரத்துக்கும் செலவாகும். ஆனால் நம் குரலைக் கொண்டு நாமே அதற்கு மேற்பயிற்சி கொடுக்கலாம். வாடகைச் செவிக்கும் வளர்ப்புச் செவிக்கும் உள்ள வேற்றுமை அது.

ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். 2024-இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விஸ்பரைச் சோதித்து ஒரு செய்தி வெளியிட்டார்கள். நூறு ஒலித்துண்டுகளுக்கு ஏறத்தாழ ஒன்றில், எவரும் பேசாத சொற்றொடரை அந்தப் பொறி தானாகவே புனைந்து எழுதியிருந்ததாம்! அதிலும், பேச்சிழப்பு நோயுற்று, இடையிடையே மௌனமாய் நின்று பேசுவோரின் பதிவுகளில் இது மிகுதி. மௌனத்தை அதற்குப் பொறுக்கவில்லை, இட்டு நிரப்புகிறது. தோழரே, பயிர் போனவர் எப்படிப் பேசுவார் என்பது தங்களுக்குத் தெரியும். நான்கு சொல் சொல்வார். நிற்பார். துண்டால் முகத்தைத் துடைப்பார். பிறகு ஐந்தாம் சொல் வரும். அந்த இடைவெளியிலே பொறி என்ன எழுதி வைக்கும்? சொல்லாததைச் சொன்னதாய் எழுதிய விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தவர், நாளை பொய் சொன்னவராய் நிற்பார். ஆகவே, எந்தச் சேவையை எடுத்தாலும், எழுதியதைத் தமிழிலே உரக்கப் படித்துக் காட்டி, "இது சரியா?" என்று கேட்டு, "ஆமா" என்ற பிறகே அனுப்ப வேண்டும் என்றேன். செயலி இருமடங்கு நேரம் எடுக்கும் என்றான் தம்பி. எடுக்கட்டுமே!

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. ஏஐ4பாரத் ஆய்வகத்தார் செய்தி அறிக்கையோடு நிற்கவில்லை. 2024-இல் 'இண்டிக்வாய்சஸ்' என்ற திரட்டின் முதல் தொகுதியை வெளியிட்டார்கள்: 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரம். அதில் தாளைப் பார்த்து வாசித்தது பத்தில் ஒரு பங்கும் இல்லை. முக்கால் பங்கு, மனத்தில் தோன்றியதைத் தோன்றியபடி பேசியது. இதுதான் வழி! 2022-இல் சென்னை எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தோர் உள்ளிட்ட குழுவினர், முதியோரும் திருநங்கையரும் பேசிய இயல்புத் தமிழைத் திரட்டி, அதை எழுதிக் காட்டுமாறு ஆய்வாளர்களுக்குப் போட்டி வைத்தார்கள். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்திலோ, எவர் வேண்டுமானாலும் தன் குரலைத் தமிழுக்குக் கொடையாய் அளிக்கலாம். எவர் வேண்டுமானாலும் அதை எடுத்தாளலாம்.

அரசுக்கும் ஒரு வேலை உண்டு. கணினியில் தமிழ் தட்டுவதற்கு ஆளுக்கொரு விசைப்பலகை இருந்த காலம் தங்களுக்கு நினைவிருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. அரசு அதைத் தரமாய் ஏற்றது. விரலுக்கு அன்று செய்ததை இன்று குரலுக்குச் செய்ய வேண்டாமா? தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கோவில்பட்டியில் 1901 முதல் பருத்திக்கும் சோளத்துக்கும் வித்துக் கண்டுவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரிசல், கொங்கு, தஞ்சை, நாஞ்சில், வடாற்காடு என்று வட்டாரந்தோறும் சில நூறு பேரின் பேச்சைப் பதிந்து, பொதுச் சோதனைத் தாளாய் வெளியிட்டால் போதும். அரசுக்குச் சேவை விற்க வரும் எந்த நிறுவனமும் முதலில் அந்தத் தாளை எழுதட்டும். மதிப்பெண்ணை ஊரறியச் சொல்லட்டும். விதை நெல்லுக்குச் சான்று கேட்கிறோம். சம்சாரியின் சொல்லைக் கேட்க வரும் செவிக்குக் கேட்கக் கூடாதா?

தம்பி எந்தச் சேவையையும் இன்னும் எடுக்கவில்லை. மூன்றாவதை நோக்கிச் சாய்ந்திருக்கிறான். ஆயினும் ஒரு வாக்கியத்தை நம்பித் தீர்ப்பெழுதக் கூடாது என்பது அவன் கட்சி. நூறு வாக்கியம் வேண்டுமாம். பெண்கள் பாதி, அறுபது கடந்தோர் கால் பங்கு, காட்டில் நின்று பேசியவை, பேருந்து நிலையத்தில் பேசியவை, வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுவோர் பேசியவை என்று பிரித்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். வருகிற ஞாயிறு பதிவு தொடங்குகிறது. பெரியம்மா முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்துவிட்டார். பக்கத்துத் தெருவிலிருந்து நான்கு பேரை அழைத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார். மேசை போட, தேநீர் வாங்கி வர, வந்தவர் பெயரை எழுதிக்கொள்ள ஓர் ஆள் தேவை என்று நேற்று என்னைத் தொலைபேசியில் அழைத்தான்.

பேச அழைக்கவில்லை.